கொழும்பைப் பார்க்கத் தெரிய வேண்டும்

நெல்லியடியில் இரவு பஸ் ஏறுகிறோம். விடிய வெள்ளவத்தையில் இறங்கி, அலுவல் முடிந்த கையோடு திரும்பிவிடுகிறோம். "அங்க என்ன கிடக்கு, வெக்கையும் சனமும்தான்" என்ற பேச்சு வேறு. கேட்டாலே எரிச்சல் வருகிறது. இந்த நாட்டின் குணத்தைக் கொழும்பைப் போல வெளிப்படையாகக் காட்டும் ஊர் வேறில்லை.

வழி சுலபம். காலையிலேயே கோட்டையில் தொடங்கி, புறக்கோட்டைக்குள் நடந்து, கொச்சிக்கடையில் முடித்துக்கொள்ளுங்கள். தாமரைக் கோபுரம் வேண்டாம். மேலே ஏறினால் கூரைகள் தெரியும், மனிதர் தெரியமாட்டார்கள்.

இனித்தான் விசயம். அருகருகே இருப்பது வேறு, கலந்திருப்பது வேறு. 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசல், செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்கள், ஒல்லாந்தர் கட்டிய வுல்பெண்டால் தேவாலயம் எல்லாம் நடந்து போகும் தூரம்தான். இவற்றைப் படம் பிடித்துப் "பல்லினச் சங்கமம்" என்று எழுதித் தள்ளுகிறவர்கள் சுவர்களை மட்டும் பார்த்தவர்கள். அயலில் இருப்பதாலேயே உறவு வந்துவிடாது. 1983 ஜூலையில் இதே நகரத்தில் தமிழரின் வீடும் கடையும் எரிந்தன. தமிழரைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்துக் காப்பாற்றிய சிங்களவரும் இதே நகரத்தவர்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது இலங்கை.

ஆகவே கோபுரத்தைப் பாராதீர்கள், வாசலைப் பாருங்கள். யார் உள்ளே போகிறார்கள்? செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போங்கள். கத்தோலிக்கரோடு சைவரும் பௌத்தரும் நேர்த்தி வைத்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த கோயில் அது. சனம் அதைக் கைவிடவில்லை. புறக்கோட்டைக் கடைக்காரர் ஒரு வாடிக்கையாளருக்குச் சிங்களத்தில் விலை சொல்லி, அதே மூச்சில் அடுத்தவருக்குத் தமிழில் சொல்வதையும் நின்று கேளுங்கள். கலப்பு அங்கே இருக்கிறது. அதை எந்தச் சுற்றுலாப் புத்தகமும் உங்களுக்குக் காட்டித் தராது.

நமக்குள் ஒன்று சொல்கிறேன். காலிமுகத்திடலில் பின்னேரம் எல்லா இனமும் இறால் வடை தின்னும். ஆனால் குடும்பம் குடும்பமாகத் தனித்தனியே. அது அருகிருப்பு. அதே திடலில் 2022 மே 18 அன்று, அரசுக்கு எதிராகக் கூடியிருந்த போராட்டக்காரர்கள், போரில் இறந்த தமிழரை நினைந்து முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிர்ந்தார்கள். சிங்களவரும் வாங்கிக் குடித்தார்கள். ஒரு நாள்தான், நாடு அதனால் மாறிவிடவும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு நாள் இந்தத் தீவில் நடக்கக்கூடிய இடம் கொழும்பு மட்டும்தான் என்று நம்புகிறேன். அடுத்த முறை அலுவல் முடிந்தாலும் ஒரு செவ்வாய்க்கிழமை வரை நில்லுங்கள்.