பல்லாவரத்து மரச் சிறகு: ஒரு மதிப்பீடு

1910 மார்ச்சில் பல்லாவரத்தில் எழும்பிய ஈரடுக்கு இறக்கை விமானத்துக்கு ‘இந்தியாவின் முதல் பறப்பு’ என்ற பட்டத்தைச் சூட்டி, அத்தோடு விட்டுவிடுகிறோம். பட்டம் காலவரிசையைத்தான் சொல்லும். அதன் தரத்தை அறிய, கட்டுமானத்தை எடைபோட வேண்டும்.

சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் வடிவத்தை வகுத்தார். குதிரை வண்டி கட்டுவதில் பேரெடுத்த, 1840இல் தொடங்கிய சிம்சன் நிறுவனம் அதைச் செய்து கொடுத்தது. விமானி பிளெரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்து அப்போது எட்டு மாதம்கூட நிறையவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அலகாபாத்தில் காட்சிக்கு வந்த விமானங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவை. சென்னை விமானமோ சென்னைப் பட்டறையில் உருவானது. இது முதல் தகுதி. வண்டித் தச்சு பாரத்தைத் தாங்க மரத்தைக் கூட்டும். விமானத் தச்சு பாரத்தைக் குறைக்க மரத்தைக் கழிக்கும். இந்த எதிர் இலக்கணத்துக்கு அதே கைகள் பழகிக்கொண்டன என்பதற்கு அந்தப் பறப்பே சான்று. இது இரண்டாவது தகுதி.

குறை, பறந்த பிறகு தொடங்குகிறது. அந்த வடிவமைப்பு பிறர் பார்த்துக் கட்டும் வரைபடமாகப் பரவவில்லை. அதிலிருந்து ஒரு மரபு கிளைக்கவில்லை. அமெரிக்காவில், மினசோட்டாவின் செர்ரி குரோவ் என்ற சிற்றூரில், பெர்னார்ட் பீட்டன்போல் 1929இல் ஃபோர்டு மாடல் ஏ காரின் எஞ்சினைப் பூட்டி ஒரு மரவிமானத்தைப் பறக்கவிட்டார். எஞ்சின் கனமானது, வேகம் குறைவு. ஆனால் 1932இல் வரைபடங்கள் அச்சேறின. இன்றும் வீட்டுப் பட்டறைகளில் அவ்விமானம் உருவாகிறது. திறனில் சென்னை பின்தங்கவில்லை, முறைமையில் பின்தங்கியது.

வரைபடம் மட்டும் போதுமா? பிரான்சின் ஆன்றி மின்யே தம் சிறு விமானத்தைக் கட்டும் வழியை 1934இல் நூலாக்கினார். எளிமை ஆயிரக்கணக்கானோரை ஈர்த்தது, உயிர்களும் போயின. மூக்கு தாழ்ந்து பாய்ந்தால் மீள முடியாத நிலை உண்டு என்பதை 1936இல்தான் காற்றுச் சுரங்கச் சோதனை காட்டியது. சோதிக்காத வரைபடம் பிழையையும் சேர்த்தே பரப்பும்.

நம் தட்பவெப்பம் இன்னொரு நீதிபதி. 1944 இறுதியில் இந்தியாவில் இருந்த மாஸ்கிட்டோ மரப் போர்விமானங்கள் சில வானிலேயே சிதைந்தன. விசாரணையில் வெப்பமும் ஈரமும் பேசப்பட்டன. ஒட்டுப் பொருத்துகளில் தொழிற்சாலை விட்ட குறைகளும் பேசப்பட்டன.

ஆகவே தீர்ப்பு: பல்லாவரத்து விமானம் கைத்திறனில் முதல் தரம், பிறர் கற்றுத் தொடரக்கூடிய முறையாக மாறாததால், சாதனையாக அது பாதி.

திருத்தணியில் வீட்டோடு இருக்கும் ஒரு தச்சுப் பட்டறையில் இன்று ஒருவர் மரவிமானம் கட்டத் துணிந்தால், மீதிப் பாதி அவர் பொறுப்பு. சோதனையில் தேறிய வரைபடத்தை எடுத்துக்கொள்ளட்டும். இறக்கைச் சட்டத்தைத் துணியால் மூடும் முன், அதே மரத்தை அதே பசையால் ஒட்டிய மாதிரித் துண்டுகளைச் சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் போட்டு வைத்து, உடைத்துப் பார்க்கட்டும். ஒட்டிய இடம் விட்டுப்போனால் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒட்டு நின்று மரம் முறிந்தால், மேலே போகலாம்.