தொழிற்சாலையை அளந்தவர்கள்

பத்து வேலைகள், பத்து இயந்திரங்கள். ஒவ்வொரு வேலையும் பத்து இயந்திரங்களிலும் ஒரு முறை ஏறி இறங்க வேண்டும். ஏறும் வரிசை வேலைக்கு வேலை மாறும். எல்லாம் முடிய ஆகும் மொத்த நேரத்தை எதுவரை குறைக்கலாம்? 1963-ல் மூத், தாம்சன் இருவரும் தொகுத்த நூலில் ஃபிஷரும் தாம்சனும் கொடுத்த கணக்கு இது. ஒரு நடுத்தரப் பட்டறையின் ஃபோர்மேன் திங்கட்கிழமை காலையில் சந்திக்கும் சிக்கலைவிடப் பெரிதல்ல. ஆனால் இயந்திரத்துக்கு இயந்திரம் வேலைகளை அடுக்கிப் பார்க்கக்கூடிய வழிகளை எண்ணினால் 66 இலக்க எண் ஒன்று வந்து நிற்கிறது. விடை 930, அதற்குக் கீழே இறங்கவே முடியாது என்று பிரான்சைச் சேர்ந்த கார்லியே, பின்சோன் இருவரும் நிரூபித்தது 1989-ல்.

இடைப்பட்ட 26 ஆண்டுகளும் உலகத்து ஃபோர்மேன்கள் காத்துக்கொண்டிருக்கவில்லை. சாயங்காலம் லாரி கிளம்பினால் அவர்களுக்குப் போதும். கணிதக்காரருக்கோ, 930-ஐக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். 929 முடியாது என்று காட்டுவதுதான் மீதிப் பாதி. உற்பத்தி மேலாண்மை ஆய்வில் எத்தனையோ மரபுகள் உண்டு. அவற்றை எதைப் போதிக்கின்றன என்று பார்த்துப் பிரிப்பதைவிட, எதைச் சான்றாக ஏற்றுக்கொள்கின்றன என்று பார்த்துப் பிரிப்பது சுலபம்.

முதல் மரபின் சான்று ஸ்டாப் வாட்ச். ஃபிலடெல்ஃபியாவின் மிட்வேல் எஃகு ஆலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்து தலைமைப் பொறியாளரான ஃபிரெடரிக் டெய்லர், ஒவ்வொரு வேலையையும் துண்டு துண்டாக்கி நேரம் குறித்தார். பெத்லஹேம் ஆலையில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை டன் வார்ப்பிரும்புப் பாளம் சுமந்த ஆளை நாற்பத்தேழரை டன் சுமக்க வைத்ததாகவும், கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்ததாகவும் அவர் 1911-ல் எழுதியதுதான் உலகம் முழுக்கப் பரவியது. ரெகே, பெரோனி என்ற இரு ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைப் புரட்டி, அந்தக் கதையில் புனைவு தாராளமாகக் கலந்திருக்கிறது என்று 1974-ல் காட்டினார்கள். டெய்லரின் உண்மையான ஆராய்ச்சி வேறிடத்தில் இருக்கிறது. லேத்தில் எந்த உலோகத்தை எந்த வேகத்தில், எவ்வளவு ஆழத்தில் வெட்டுவது என்று 26 ஆண்டுகள் சோதித்து 1906-ல் வெளியிட்ட அறிக்கை அது. யார் வேண்டுமானாலும் செய்து சரிபார்க்கக்கூடிய வேலை. புகழ் என்னவோ பாளத்துக்குத்தான் போனது.

ஸ்டாப் வாட்சுக்கு எதிர்ப்பும் உடனே வந்தது. 1911-ல் அமெரிக்க ராணுவத்தின் வாட்டர்டவுன் ஆயுதச்சாலையில் வார்ப்படத் தொழிலாளர்கள் அதைக் கண்டதும் வேலையை நிறுத்தினார்கள். நாடாளுமன்ற விசாரணை நடந்தது. அரசுப் பட்டறைகளில் நேரம் குறிப்பதற்குத் தடை வந்தது.

மனிதரை அளப்பதை விட்டுப் பொருளை அளக்கப் போனவர் வால்டர் ஷூஹார்ட். 1924 மே மாதம், வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் அவர் மேலதிகாரிக்குக் கொடுத்த சிறு குறிப்பில் ஒரு படம் இருந்தது: நடுவில் ஒரு கோடு, மேலும் கீழும் இரண்டு எல்லைக் கோடுகள். புள்ளிகள் எல்லைக்குள் ஆடினால் அது இயல்பான ஏற்ற இறக்கம், இயந்திரத்தைத் தொடாதே; வெளியே தாண்டினால் காரணம் தேடு. கண்ட்ரோல் சார்ட் என்று இன்றைக்குப் பட்டறைச் சுவரில் தொங்குவது அதுதான். 1947-48-ல் புள்ளியியலாளர் மகலனோபிஸின் அழைப்பில் ஷூஹார்ட் இந்தியா வந்தார். அவருடைய வழியில் வந்த டெமிங் 1950-ல் ஜப்பானில் வகுப்பெடுத்தார். அடுத்த ஆண்டே அவர் பெயரில் பரிசு ஒன்று ஏற்பட்டது.

மூன்றாவது மரபு காகிதத்தில் வாழ்வது. அதன் தொடக்கம் எளிமையானது, அழகானது. 1954-ல் ஜான்சன் கொடுத்த விதியை எந்தப் பட்டறையிலும் சோதித்துப் பார்க்கலாம். எல்லா வேலையும் முதலில் லேத்துக்கும் பிறகு கிரைண்டிங்குக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலைக்கு லேத்தில் 5 மணி, கிரைண்டிங்கில் 2 மணி. இரண்டாவதற்கு லேத்தில் 1 மணி, கிரைண்டிங்கில் 6 மணி. முதலாவதை முதலில் ஏற்றினால் எல்லாம் முடிய 13 மணி நேரம் ஆகும். ஐந்து மணி நேரம் கிரைண்டிங்காரர் சும்மா உட்கார்ந்திருப்பார். வரிசையை மாற்றினால் 9 மணி நேரத்தில் முடிந்துவிடும். பட்டியலில் உள்ள மிகச் சிறிய நேரத்தைத் தேடு; அது முதல் இயந்திரத்தில் இருந்தால் அந்த வேலை முன்னால், இரண்டாவதில் இருந்தால் கடைசியில். பிறகு மீதமுள்ளவற்றுக்கும் இப்படியே. எத்தனை வேலை இருந்தாலும் இதைவிடச் சிறந்த வரிசை கிடையாது.

இரண்டு இயந்திரத்துக்கு இவ்வளவு சுலபம்; மூன்றானதும் கணக்கு முறுக்கிக்கொள்கிறது. அங்கே தொடங்கிய ஆய்வு வெள்ளம் இன்னும் வடியவில்லை. 1983-ல் நவாஸ், என்ஸ்கோர், ஹாம் மூவரும் தந்த குறுக்குவழியும், 1993-ல் டைலார்ட் வெளியிட்ட மாதிரிக் கணக்குகளும் இத்துறையின் பொது மைதானம் ஆயின. ஒருவர் புது உத்தி கண்டுபிடித்தால் அந்த மைதானத்தில் ஓட்டிக்காட்ட வேண்டும். முந்தையவரைவிட அரை சதவீதம் குறைந்தால் கட்டுரை தேறும். ஒழுங்கான முறைதான். ஆனால் மாதிரிக் கணக்கில் இயந்திரம் பழுதாவதில்லை, ஆள் லீவு போடுவதில்லை, பெரிய வாடிக்கையாளர் நடுவில் போன் செய்வதில்லை. 1992-ல் டூடெக், பன்வால்கர், ஸ்மித் மூவரும் துறைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார்கள். ஜான்சனின் ஒரே ஒரு கட்டுரை கிளப்பிய அலையில் எத்தனையோ பேரின் உழைப்பு, நடைமுறைக்கு உதவாத கணக்கில் கரைந்துவிட்டது என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. கடுமையான தீர்ப்புதான். பெரிதாக யாரும் மறுக்கவில்லை, கட்டுரைகளும் நிற்கவில்லை.

அதற்காகக் கணித மரபு முழுக்கவே ஏட்டுச் சுரைக்காய் என்றும் சொல்லிவிட முடியாது. 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி ரேஷன் கடை வரிசைக்கும் பொருந்தும், பட்டறைக்கும் பொருந்தும்: உள்ளே கிடக்கும் சரக்கு, வெளியேறும் வேகம், ஒரு பொருள் உள்ளே தங்கும் நேரம் மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே வரும். நாளைக்கு 40 உருப்படி முடிக்கும் பட்டறையில் 600 உருப்படி தரையில் கிடந்தால், இன்று உள்ளே போவது வெளியே வரப் பதினைந்து வேலைநாள் ஆகும். பத்து நாளில் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கும் முதலாளி என்ன செய்கிறார் என்று இந்த ஒரு வகுத்தலிலேயே தெரிந்துவிடுகிறது. ஹ்யூலெட் பேக்கர்ட் நிறுவனம் பிரின்டர் உற்பத்திக்குத் தானியங்கி வரிசை ஒன்றைத் திட்டமிட்டபோது, எதிர்பார்த்த எண்ணிக்கை அதில் வராது என்று எம்.ஐ.டி.யின் கெர்ஷ்வின் வழிக் கணக்கு முன்கூட்டியே காட்டியது. இயந்திரங்களுக்கு நடுவே சரியான இடங்களில் சிறு இருப்புக்கு இடம் விட்டால் வரும் என்பதையும் சொன்னது. அதனால் கிடைத்த கூடுதல் வருவாய் 28 கோடி டாலர் என்று 1998-ல் வெளியான கட்டுரை சொல்கிறது.

டொயோட்டா மரபு எதிர்த் திசையிலிருந்து வந்தது. அங்கே ஆய்வுக் கட்டுரை கடைசியில்தான் வரும். நெசவாலையிலிருந்து கார் ஆலைக்கு 1943-ல் மாறிவந்த தைச்சி ஓனோ, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் சகிச்சி டொயோடாவின் தறியை அறிந்தவர். பிழை வந்தால் நில், கேட்டால் மட்டும் செய் என்ற இரண்டையும் அவர் பட்டறைக்குள் கொண்டுவந்து வளர்த்தெடுக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. பின் கட்டத்திலிருந்து முன் கட்டத்துக்குப் போகும் கன்பன் அட்டைதான் ஆர்டர். அட்டை வராமல் உருப்படி செய்யக் கூடாது. சுகிமோரி உள்ளிட்ட நால்வர் இதை ஆங்கிலத்தில் விளக்கி ஆய்விதழில் எழுதியது 1977-ல்.

சரக்கைக் குறைக்க வேண்டுமானால் சிறு சிறு தொகுதியாகச் செய்ய வேண்டும். அதற்கு பிரஸ்ஸில் அச்சை, அதாவது டையை, மாற்றும் நேரம் குறைய வேண்டும். பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ தரும் கணக்குப்படி, டொயோட்டாவின் ஆயிரம் டன் பிரஸ்ஸில் டை மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. முதலில் அது 90 நிமிடமானது, பிறகு மூன்றே நிமிடம். மந்திரம் ஒன்றுமில்லை. பிரஸ் நின்ற பிறகுதான் செய்ய முடிகிற வேலை எது, ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவைக்கக்கூடியது எது என்று பிரித்தார். போல்ட்டில் பதினைந்து மரை இருந்தால் பதினான்கு சுற்று வீண். கடைசிச் சுற்றில்தான் பிடிக்கிறது. அப்படியானால் ஒரே சுற்றில் பிடிக்கிற மாதிரி செய்துகொள். இதற்கு எந்தச் சமன்பாடும் வேண்டியதில்லை, பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். அமெரிக்கக் கணிதக்காரர்கள் செட்டிங் நேரத்தைக் கொடுக்கப்பட்ட எண்ணாக எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற தொகுதி அளவை வர்க்கமூலம் போட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1913-ல் ஹாரிஸ் எழுதிய சூத்திரம் அது. சூத்திரத்தில் தப்பு எதுவும் இல்லை. அந்த எண்ணையே மாற்றலாமே என்று கேட்காமல் விட்டதுதான் குறை.

ஆனால் ஜப்பானியர்கள் சொல்வதை மற்றவர்கள் நம்ப வேண்டுமே. அதற்கு ஒப்பீடு என்ற இன்னொரு அளவுகோல் வந்தது. எம்.ஐ.டி. குழு 1980-களின் நடுவில் கார் ஆலைகளை ஒரே படிவத்தில் அளந்தது. ஒரு காரைப் பூட்ட ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிரேமிங்ஹாம் ஆலையில் 31 மணி நேரம், டொயோட்டாவின் டகாவோகாவில் 16. இரு நிறுவனங்களும் கூட்டாக நடத்திய கலிஃபோர்னியாவின் ஃபிரிமான்ட் ஆலையில் 19. இந்த மூன்றாவது எண்தான் உலகத்தின் வாயை அடைத்தது. ஏனெனில் ஃபிரிமான்ட் 1982-ல் மூடப்பட்ட பழைய அமெரிக்க ஆலை. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அதே தொழிற்சங்கத்தின் பழைய ஆட்கள். ஜப்பானிய ரத்தம், ஜப்பானியப் பண்பாடு என்ற விளக்கமெல்லாம் அதோடு அடங்கியது. அந்தக் குழுவின் கிராஃப்சிக் 1988-ல் வைத்த 'லீன்' என்ற பெயர் இன்று ஆலோசகர்களின் விசிட்டிங் கார்டு வரை வந்துவிட்டது.

இவற்றோடு ஒப்பிட்டால் சமூக மரபு மெலிந்தது. லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தின் ஏ.கே. ரைஸ் 1953-ல் அகமதாபாத் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகளைத் தனித்தனி ஆட்களுக்குப் பிரிக்காமல் சிறு குழுக்களிடம் ஒப்படைத்தார். உற்பத்தியும் தரமும் ஏறின. இந்திய மண்ணில் நடந்த இந்தச் சோதனையை இந்தியப் பாடத்திட்டங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சென்னைக்கு நேரடிப் பங்கு இருப்பது குழுத் தொழில்நுட்பத்தில். லெனின்கிராடின் மித்ரஃபானவும் இங்கிலாந்தின் பர்பிட்ஜும் தொடங்கிய வழி அது: ஒத்த உருப்படிகளை ஒன்றுசேர்த்து, அவற்றுக்கு வேண்டிய இயந்திரங்களை ஒரே மூலையில் போடுவது. எந்த உருப்படி எந்த இயந்திரத்துக்குப் போகிறது என்று கட்டம் போட்டு 1 எழுதி, வரிசைகளை மாற்றி மாற்றி அடுக்கினால் ஒன்றுகள் கூட்டம் கூட்டமாகச் சேரும். கூட்டத்துக்கு வெளியே தனியே நிற்கும் ஒவ்வொரு 1-ம் பட்டறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடும் தள்ளுவண்டி. ஐ.ஐ.டி. மெட்ராஸில் எம்.பி. சந்திரசேகரனும் ஆர். ராஜகோபாலனும் 1986-ல் இதற்கான வழிமுறையையும், பிரிப்பு எவ்வளவு நல்லது என்று மதிப்பெண் போடும் அளவையும் தந்தார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட, 40 இயந்திரம் 100 உருப்படி கொண்ட கட்டத்தில்தான் புது வழிமுறை எழுதுகிறவர்கள் உலகெங்கும் கை பழகுகிறார்கள்.

அதைவிடச் சுவையானது பின்னால் நடந்தது. கட்டம் பெரிதானால் மோசமான பிரிப்புக்கும் அந்த அளவு 75 சதவீதம் வரை மதிப்பெண் கொடுத்துவிடுகிறது என்று தெரியவந்தது. எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் சந்திரசேகரனேதான். சுரேஷ் குமாரோடு சேர்ந்து 1990-ல் அவர் வேறு அளவைக் கொடுத்தார். இன்று புழக்கத்தில் இருப்பது அதுவே. தன் அளவுகோலின் ஓட்டையைத் தானே அச்சில் காட்டும் துணிவு இத்துறையில் அடிக்கடி காணக் கிடைப்பதில்லை.

அதே சென்னையில், பாடியில், இன்னொரு வகைத் தேர்வு நடந்தது. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் டெமிங் பரிசு பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அது முதல் முறை. 2002-ல் ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார் பெற்றது. பரிசுக் குழுவின் தேர்வாளர்கள் கோப்பைப் பார்த்ததோடு கிளம்பிவிடுவதில்லை. ஆலைக்குள் நடந்து, இயந்திரத்தில் நிற்பவரிடமே கேட்பார்கள்: இந்த சார்ட்டில் இந்தப் புள்ளி ஏன் மேலே போனது, அன்று நீங்கள் என்ன செய்தீர்கள்? பதிலை அவர்தான் சொல்லியாக வேண்டும். மேலாளர் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால் எடுபடாது.