குல்லாயும் பனிமலையும்

இப்ஸனின் 'பிராண்ட்' நாடகத்தைச் சிகரங்களின் நாடகம் என்று சொல்வது வழக்கம். மூடுபனி, பனிச்சரிவு எல்லாம் அதில் இருக்கத்தான் இருக்கின்றன. ஆனால் அதன் உண்மையான குளிர் மலையுச்சியில் இல்லை, மலையடியில் ஒரு வீட்டு ஜன்னலில் இருக்கிறது என்பது என் கட்சி.

கதை நடப்பது நார்வேயின் மேற்குக் கரையில், ஒரு ஃபியோர்டை ஒட்டிய கிராமத்தில். பழங்காலப் பனியாறுகள் குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்து நிற்பதற்கு ஃபியோர்டு என்று பெயர். இரு பக்கமும் செங்குத்தான பாறை. அந்தப் பிரதேசத்தில் டிசம்பர் கடைசியில் நடுப்பகலிலும் சூரியன் அடிவானத்தைவிட்டு 5 பாகை அளவுதான் எழும்புகிறது. அதை மறைக்க ஒரு மேடு போதும். அங்கே நிற்பவையோ ஆயிரம் மீட்டரைத் தாண்டிய மலைகள்.

இந்த இருட்டில்தான் பிராண்ட் என்ற பாதிரியார் குடியிருக்கிறார். கடவுளுக்குக் கொடுப்பதானால் மிச்சம் வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. குழந்தையை வெயிலுள்ள ஊருக்குக் கொண்டுபோகாவிட்டால் பிழைக்காது என்கிறார் வைத்தியர். கிளம்பத்தான் நினைக்கிறார், கொள்கை குறுக்கே நிற்கிறது. குழந்தை போய்விடுகிறது.

நான்காம் அங்கம், கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு. தாய் ஆக்னெஸ் ஜன்னலில் விளக்கு வைக்கிறாள். வெளியே பனி மூடிக் கிடக்கும் குழந்தையின் சமாதியில் கொஞ்சம் வெளிச்சம் படட்டும் என்று அவளுக்கு ஆசை. பிராண்ட் கதவைச் சாத்தச் சொல்கிறார். பிறகு ஒரு நாடோடிப் பெண் கைக்குழந்தையோடு வருகிறாள். இறந்த குழந்தையின் உடுப்புகளை அவளுக்குக் கொடுத்துவிடச் சொல்கிறார். ஆக்னெஸ் கொடுக்கிறாள். ஒரு குல்லாயை மட்டும் மார்பில் ஒளித்து வைத்துக் கொள்கிறாள். கடைசியில் அதையும் கொடுக்கிறாள். அப்புறம் அவள் உயிர் தரிப்பதில்லை.

ஐந்தாம் அங்கத்தில் பனிமலையே சரிந்து பிராண்டை மூடுகிறது. பிரமாதமான காட்சிதான். ஆனாலும் குல்லாயின் கனம் அந்த மலைக்கு இல்லை.

இதை இப்ஸன் எழுதியது 1865-ஆம் வருஷக் கோடையில், ரோமாபுரிக்கு அருகே அரிச்சாவில். புத்தகம் 1866-ல் வந்தது. வெயிலில் உட்கார்ந்து எழுதியவருக்குக் கண்ணெதிரே பனி இல்லை. மனசில் தங்கியது மட்டுமே இருந்தது. தங்கியது ஒரு ஜன்னலளவு. வர்ணனைக்காகத் தவிக்கும் எழுத்தாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொன்று. மேற்குக் கரை ஃபியோர்டுகள் மாரிக்காலத்தில் முழுக்க உறைவதில்லை. கடலோரத்தை அட்லாண்டிக் வெந்நீரோட்டம் காக்கிறது. உட்கோடிகளில்தான் பனிக்கட்டி விரிகிறது. ஆறுகள் கொண்டுவரும் நல்ல தண்ணீர் இலேசானதால் மேலே மிதந்து கட்டிப்போகிறது. அடியில் உப்பு நீர் உறையாமல் கிடக்கிறது. பிராண்டின் கொள்கையை அந்த ஊர்த் தண்ணீரே ஒப்புக்கொள்ளவில்லை! ஆக்னெஸும் அந்த நீரைப் போலத்தான். மேலே கணவனுக்கு அடங்கிய உறைந்த முகம். அடியில் ஒரு குல்லாய். அதையும் பிடுங்கினால் எது மிஞ்சும்? இந்த உவமை இப்ஸனுடையது அல்ல, என்னுடையது. ஆனால் அவர் பாத்திரம் அதைத் தாங்குகிறது.

நாடக முடிவில், பனிச்சரிவின் நடுவே, ஒரு குரல் அன்பைப் பற்றிப் பேசுகிறது. படிப்பவர்கள் அந்தக் குரலுக்காகக் காத்திருக்க வேண்டாம். நான்காம் அங்கத்தை அவசரப்படாமல் படித்தால் போதும்.