மோழைக் கிடாயின் அழகு

செம்மறிக் கிடாய் என்றாலே முறுக்கிய கொம்புதான் கண்ணில் நிற்கும். ராமநாதபுரம் வெள்ளை, சென்னை சிவப்பு இனங்களில் கிடாய்க்குக் கொம்பு உண்டு; பெட்டை மோழை, அதாவது கொம்பில்லாதது. சேலம், ஈரோடு, கரூர் வட்டாரத்து மேச்சேரி இனத்திலோ இரண்டுமே மோழை. அந்த வழவழத்த பழுப்புத் தலையைக் குறையென்று பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேச்சேரித் தோலுக்குத் தனி மதிப்பு உண்டு. பட்டியில் நெருக்கியடித்து நிற்கும் மந்தையில் கொம்பு கீறாத தோல் சும்மா வந்த லாபம். வேலியில் கொம்பு மாட்டிக்கொள்வதும், உள்நோக்கி வளைந்து கன்னத்தைக் குத்திப் புண்ணாகி ஈ மொய்ப்பதும் இங்கே இல்லை.

கொம்பில்லாவிட்டால் எதைப் பிடிப்பது என்பார்கள். தாடைக்கடியில் ஒரு கை, பின்தொடைப் பக்கம் ஒரு கை போதும். இளங்கொம்பைப் பிடித்திழுத்தால் முறிந்து ரத்தம் கொட்டும். நாயை விரட்டக் கொம்பு வேண்டும் என்ற வாதமும் நிற்காது. குட்டியைக் காக்க வேண்டிய பெட்டைக்கு நம் இனங்களில் பெரும்பாலும் கொம்பே கிடையாது. அதற்காக, மோழை இனத்தில் ஈற்று எளிது என்று சொன்னால் அதையும் ஏற்கமாட்டேன். பிறக்கும்போது கொம்பு வெறும் மொட்டு. ஈற்றைச் சிக்கலாக்குவது பெரும்பாலும் குட்டியின் பருமனும், மடங்கிய முன்னங்காலும், பின்னோக்கித் திரும்பிய தலையும்தான். இன்னொன்று: மோழைக் கிடாயும் முட்டும். பட்டிக்குள் அதற்கு முதுகைக் காட்டாமல் நிற்பது நல்லது.