மார்த்தாளும் மரியாளும் ஐடா ஸ்கடரும்

பெண்கள் ஓட்டத்தையும் ஆசையையும் விட்டுவிட்டு தேவனுக்குக் கீழ்ப்படியணும். சபைகளில் அடிக்கடி கேட்கிற பிரசங்கம் இது. ஆதாரம் லூக்கா 10: வேலையில் மூழ்கிய மார்த்தாள், இயேசுவின் காலடியில் உட்கார்ந்த மரியாள். ஆனா காலடி என்பது மாணவரின் இடம். பவுலும் கமாலியேலின் காலடியில்தான் படித்தார்.

திருத்தணியிலிருந்து சோளிங்கர் வழியா போனா ராணிப்பேட்டை, 1870-ல் ஐடா ஸ்கடர் பிறந்த ஊர். மிஷனரி ஆகவே அவருக்கு விருப்பமில்லை. அமெரிக்காவில் வசதியா வாழத்தான் ஆசை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள், ஆண் மருத்துவர் கூடாது என்பதால், பிரசவத்தில் இறந்தார்கள். அதன் பிறகுதான் கீழ்ப்படிந்தார். 1899-ல் மருத்துவப் பட்டம். 1918-ல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. கீழ்ப்படிந்ததால் வேலை குறையல, பெருகிச்சு.

பிரசங்கம் இடறுவது இங்கேதான். ஆண் ஓடினால் ஊழியம். பெண் ஓடினால் பேராசையாம். ஓடலாமா என்பதல்ல கேள்வி, யாருக்காக ஓடுகிறோம் என்பதே. அதை ஆண்களிடமும் கேட்கணும் இல்லையா?