தோழியின் திணை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய கூட்டத்தில் சங்க அகக் கவிதைகள் பற்றிப் பேசினேன். அகத்தில் யார் பெயரும் சுட்டிச் சொல்லப்படுவதில்லை. ஆகவே அங்கே அரசனும் இல்லை, ஆண்டியும் இல்லை. காதலின் முன் எல்லோரும் சமம் என்று வழக்கமான உற்சாகத்தோடு முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “தோழி யாரைக் காதலித்தாள்?” என்று கேட்டார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். என்னிடம் பதில் இல்லை என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் பாக்கியாகவே இருக்கிறது.

அகக் கவிதையில் தோழியைப் போல் ஓயாமல் பேசுபவர் குறைவு. குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளும் அவள் குரல். தலைவியும் தானுமாகப் பறித்துக் குவித்த 99 பூக்களை அவள் பெயர் சொல்லி அடுக்குகிறாள். புலன்கள் இவ்வளவு விழித்திருக்கும் ஒருத்திக்குச் சொந்தமாக ஒரு வேட்கை கிடையாது. தோழி என்பவள் செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் இலக்கணம் வகுத்துவிடுகிறது. தாய் செய்த ஊழியத்தை மகள் தொடர்கிறாள். தூது போகிறாள், காவல் நிற்கிறாள், பழி ஏற்கிறாள். அவளுக்கென்று ஒரு திணை இல்லை.

இது கவிதை மரபு, இதில் சமூகத்தைத் தேடுவது ரசனைக் குறைவு என்று பண்டிதர்களும் நம் நவீனத்துவ நண்பர்களும் ஒரே குரலில் சொல்வார்கள். மரபுதான். அந்த மரபு எதையெல்லாம் விதிக்கிறது என்று பார்ப்போம்.

ஐந்திணை ஒத்த காதலுக்கு உரியது. ஒப்புக்குப் பத்துப் பொருத்தங்கள் சொல்லும் தொல்காப்பியம், பிறப்பையும் குடிமையையும் செல்வத்தையும் அவற்றில் சேர்க்கிறது. ஆனால் தலைவன் உயர்ந்தவனாக இருந்தால் தடையில்லை என்று ஒரு சலுகையும் தருகிறது. தலைவி உயர்ந்தவளாக இருப்பதற்கு அப்படி ஒரு சலுகை இல்லை. ஆணுக்குப் பெருமையும் உரனும். பெண்ணுக்கு அச்சமும் நாணும் மடனும். தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன் வாய்திறந்து சொல்லலாகாது. மடலேறலாகாது. அடியோரும் வினைவலரும் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தப்படுகிறார்கள். கலித்தொகையில் கூனியும் குறளனும் வைது, வழக்காடி, கூடுகிறார்கள். கண்டவர்கள் சிரித்துவிடக் கூடாதே என்ற கவலை அந்தப் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் எழுந்த சிரிப்பு அவ்வளவு பழையது.

ஆகவே அகத்தின் பெயரின்மையை நான் பொதுமை என்று சொன்னது தவறு. இன்னார் காதலிப்பார், இன்னார் உதவுவார், இன்னார் நகைப்புக்கு உரியவர் என்று இடங்கள் முன்கூட்டியே தீர்மானமாகிவிட்ட உலகில் பெயர்கள் தேவைப்படவில்லை.

ஆணும் பெண்ணும் கூடுவது ஒன்றே அன்பின் முழு வடிவம் என்று வகுத்த கணத்தில் இரண்டு காரியங்கள் நடந்துவிடுகின்றன. அந்த வடிவத்துக்கு வெளியே உள்ளவர்கள் காதலற்றவர்கள் ஆகிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு வேலை சமமின்றிப் பிரிக்கப்படுகிறது. மருதத்தில் தலைவன் பரத்தையிடம் போய்த் திரும்புகிறான்; தலைவி ஊடுகிறாள்; தோழி வாயில் மறுத்துப் பிறகு விடுகிறாள். ஒருவனுடைய போக்குவரத்தைச் சுற்றி மூன்று பெண்களின் வாழ்க்கை. ஊடல் அழகானது; நானும் அதில் மயங்கியவன். வெளியேறும் உரிமை இல்லாதவளுக்குத் தரப்பட்ட நஷ்டஈடு அது என்று இப்போது படுகிறது.

இரு ஆண்களுக்கிடையிலான பிணைப்பு மட்டும் புறத்தில் பெயரோடும் ஊரோடும் நிற்கிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பிசிராந்தையார் வந்து உடன் உயிர்விட்டார். அது காமம் என்று நான் சொல்லவரவில்லை. ஒருவருக்காக ஒருவர் சாகும் அன்பு ஆண்களிடையே வரலாறு ஆகிறது. தலைவிக்காகத் தோழி கொள்ளும் அன்போ அவள் கடமையாகிறது. திருமங்கையாழ்வார் தம் மடல்களில் பெண்குரல் ஏற்று விதியை மீறினார். அப்போதும் எழுதியது ஓர் ஆண், நாயகன் கடவுள்.

இது ஏட்டுக்குள் முடிந்த விஷயமானால் நான் எழுதவேண்டியதில்லை. 2019ல் நடந்த தேசிய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிஷம். செய்யும் ஆண் 97 நிமிஷம். இது வடிவத்துக்கு உள்ளே. வெளியே நடப்பதற்கு ஓர் உதாரணம்: மதுரையிலிருந்து சேர்ந்து வாழச் சென்னைக்கு வந்த இரு பெண்களைக் ‘காணவில்லை’ என்று பெற்றோர்கள் போலீஸில் புகார் கொடுத்தார்கள். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுக்குத் துணையாக உத்தரவிட்டது. தன் முன்முடிவுகளை உணர்ந்து, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டதாக நீதிபதியே பதிவு செய்தார். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இத்தகையோரின் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்தது. கணவன், மனைவி என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு வரும் வாரிசுரிமையும் ஓய்வூதியமும் அதனால் இவர்களுக்கு எட்டாதவை.

அந்தச் சென்னை வழக்கின் தொடர்ச்சியாக, இவர்களை இழிவின்றிக் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் பட்டியலொன்றை 2022ல் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டது. இரண்டாயிரம் ஆண்டுக் காதல் மரபு கொண்ட மொழி, அதற்குள் அடங்காத அன்புக்குப் பெயர் வைக்க நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திருந்திருக்கிறது. சொல் நம் தொழில். இது அரசு செய்த வேலை என்பதில் எனக்கு வெட்கம்தான்.

அந்தப் பெண்ணை நான் மறுபடி சந்திக்கவில்லை. சந்தித்தால் சொல்வேன்: தோழி யாரைக் காதலித்தாள் என்று புலவர்கள் எழுதிவைக்கவில்லை. அவர்கள் எழுதாமல் விட்ட இடத்தைத்தான் நான் அன்று சமத்துவம் என்று படித்துக் காட்டினேன்.