காலம் வினைமுதலாகுமா?
நாகரிக வீழ்ச்சி, மனித முன்னேற்றம் குறித்த இரு நம்பிக்கைகள்: சிம்பாங் ரெங்கம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

நாகரிகம் வீழ்ந்துகொண்டிருக்கிறது என்போரும், மனித முன்னேற்றம் தவிர்க்கவியலாதது என்போரும் ஒருவரையொருவர் முற்றிலும் மறுப்பவர்களாகவே தோன்றுகின்றனர். மலேசியத் தமிழர் வாழ்வைப் பற்றிய எழுத்திலும் மேடைப்பேச்சிலும் மாணவர் கட்டுரைகளிலும் இவ்விரு குரல்களையும் நாம் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். தோட்டம் அழிந்தபோதே நம் பண்பாடும் அழிந்தது என்பது ஒரு குரல். கூலிகளாக வந்த மக்களின் பிள்ளைகள் இன்று பட்டதாரிகளாக உயர்ந்துவிட்டனர் என்பது மற்றொரு குரல். முன்னது இரங்கல், பின்னது பெருமிதம். எனினும், இவ்விரண்டும் ஒரே அடித்தளத்தின்மீது நிற்பவை என்பது நம் கருத்து. 'காலம் நம்மைச் சிதறடித்தது' என்னும் தொடருக்கும் 'காலம் நம்மை உயர்த்தியது' என்னும் தொடருக்கும் எழுவாய் ஒன்றே. அவ்வெழுவாய் பொருந்துமா என்பதை, ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த சிம்பாங் ரெங்கம் வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு நம்பிக்கைகள்

மனித அறிவு எல்லையின்றி வளரும், அதனோடு அறமும் வளரும் என்னும் நம்பிக்கைக்குப் புகழ்பெற்ற வடிவம் தந்தவர் பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே ஆவார். அவருடைய நூல் 1795-இல் வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை. பிரெஞ்சுப் புரட்சியை வரவேற்ற அவரே புரட்சி அரசுக்கு அஞ்சி ஒளிந்திருந்து அந்நூலை எழுதினார். 1794-இல் காவலில் இறந்தார். இதற்கு எதிர்முனையில், நாகரிகங்கள் உயிர்களைப் போலவே பிறந்து, முதிர்ந்து, மடிகின்றன என்றார் ஜெர்மானியரான ஆஸ்வால்டு ஸ்பெங்ளர். மேற்கின் வீழ்ச்சியைப் பற்றிய அவர் நூலின் முதற்பகுதி, முதல் உலகப் போர் முடிந்த 1918-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒருவர் தம்மைத் தேடிய அரசுக்கு மறைந்திருந்தபடி முன்னேற்றத்தை நம்பினார். மற்றொருவர் தம் நாடு தோற்ற ஆண்டில் வீழ்ச்சியை விதியாக்கினார். கோட்பாடு, அதனை எழுதியவரின் சூழலை அப்படியே எதிரொலிப்பதில்லை என்பதற்குக் கொண்டோர்சே சான்று. சில வேளைகளில் எதிரொலிக்கவும் செய்யும் என்பதற்கு ஸ்பெங்ளர் சான்று.

நம் மரபிலும் இவ்விரண்டும் உண்டு. நான்கு யுகங்களாக அறம் படிப்படியாகத் தேய்ந்து கலியில் முடிகிறது என்பது பழைய நம்பிக்கை. 1917-ஆம் ஆண்டு ருஷ்யப் புரட்சியைப் பாடிய பாரதியார், கலி வீழ்ந்து கிருத யுகம் எழுவதாக அந்நம்பிக்கையைத் தலைகீழாக்கினார். யுகம் இறங்கினாலும் ஏறினாலும் அதனை நகர்த்துவது யுகமே என்னும் எண்ணம் மட்டும் அசையவில்லை.

தொல்காப்பியம் தரும் கருவி

இங்கு இலக்கணம் நமக்குத் துணை செய்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல், ஒரு தொழில் நிகழ்வதற்கு உரிய கூறுகளை எட்டாகப் பகுக்கிறது. வினை, அதனைச் செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன் என்பன அவை. இப்பகுப்பில் 'செய்வது' வேறு; 'காலம்' வேறு. காலம் என்பது தொழில் நிகழும் சூழல், தொழிலைச் செய்வதன்று. வீழ்ச்சிக் கோட்பாடும் முன்னேற்றக் கோட்பாடும் ஐந்தாம் கூற்றை இரண்டாம் கூற்றின் இடத்தில் வைத்துவிடுகின்றன. அதனால் வினைமுதல் மறைகிறது. இறுதி இரண்டு கூறுகளாகிய 'யாருக்காக', 'என்ன பயனாக' என்னும் வினாக்களும் உடன் மறைகின்றன.

சிம்பாங் ரெங்கம்: ஒரு சான்று

மலாய் மொழியில் சிம்பாங் என்பது சந்தி. இரயில் பாதையை ஒட்டிய ரெங்கம் சிற்றூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையிலிருந்து கிளை பிரியும் இடமே சிம்பாங் ரெங்கம். சுற்றிலும் முன்பு பால்மரக் காடுகள். இன்று பெரும்பாலும் செம்பனை. அருகிலுள்ள ஒரு தோட்டத்தின் பெயரே எலாயிஸ். அது செம்பனையின் தாவரவியல் பேரினப் பெயராகும். லாயாங் லாயாங் பகுதியைச் சேர்ந்த உலு ரெமிஸ் தோட்டமோ செம்பனை இனப்பெருக்க ஆய்வில் உலகறிந்த பெயர். 1848-இல் ஜாவாத் தீவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்ட நான்கு மரங்களின் வழிவந்த இனத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தாய்மரங்கள், உலு ரெமிஸ் என்னும் பெயருடன் பல நாடுகளுக்கு விதை தந்தன.

இவ்வட்டாரத்தின் மாற்றத்தை விளக்க ஒரு சிறு வண்டின் வரலாறு போதுமானது. செம்பனையில் காய் பிடிப்பதற்கு மலேசியத் தோட்டங்களில் மகரந்தத்தைக் கையால் தூவும் வேலை நெடுங்காலம் நடந்தது. ஆப்பிரிக்காவில் அவ்வேலையைச் செய்தது ஒரு கூன்வண்டு என்பதைப் பூச்சியியலாளர் ரகுமான் சையது நிறுவினார். கமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட அவ்வண்டு 1981-ஆம் ஆண்டில் இதே குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் முதலில் விடப்பட்டது. குறுகிய காலத்தில் அது தீபகற்பம் முழுதும் பரவியது. காய்ப்பு பெருகியது, கையால் மகரந்தம் தூவுவோரின் வேலை இல்லாமற் போயிற்று.

இதனை முன்னேற்றம் என்பதா, வீழ்ச்சி என்பதா? தொல்காப்பியக் கூறுகளைக் கொண்டு நோக்கினால் வினா தெளிவாகிறது. செய்தவர் உண்டு: ஆய்வுக்குப் பொருள் கொடுத்த நிறுவனமும் ஆய்வாளரும். கருவி உண்டு: வண்டு. பயன் உண்டு: கூடிய விளைச்சல். அப்பயன் யாருக்குச் சென்றது, வேலை இழந்தோருக்கு மாற்று வழி என்ன செய்யப்பட்டது என்பவை மட்டும் கேட்கப்படாத வினாக்கள். ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். வினைமுதலைத் தேடுவது குற்றவாளியைத் தேடுவது ஆகாது. வண்டைக் கொணர்ந்தவர் எவருக்கும் தீங்கு எண்ணவில்லை. ஆயினும் ஒரு முடிவின் விளைவுகளைப் பங்கிடுவதும் ஒரு முடிவே. அம்முடிவை எடுப்போரும் மனிதரே.

ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியதும் இத்தகையதே. செயற்கை ரப்பரின் போட்டியும் விலைச்சரிவும் அதற்குக் காரணங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. சந்தை என்பது தனி ஒருவரின் விருப்பத்துக்குக் கட்டுப்படாத ஆற்றல் என்னும் மறுப்பும் இங்கு எழக்கூடும். அது உண்மையே. எனினும், பால்மரம் போல அடிக்கடி சீவ வேண்டாத செம்பனைக்கு ஏக்கருக்குக் குறைந்த ஆள்கள் போதும் என்று கணக்கிட்டவர்கள், லயத்து வீட்டை வேலையோடு பிணைத்து வைத்தவர்கள், வேலை போனபின் வீட்டையும் காலி செய்யச் சொன்னவர்கள் ஆகிய அனைவரும் சந்தைக்குள் இருந்த மனிதரே.

இதே ஊர் நாட்டுக்கு அறிமுகமான வேறு இரு காரணங்களும் உண்டு. 1969-ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றிப் பிடிக்கப்பட்டோர் பலர் சிம்பாங் ரெங்கம் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டனர். அவசரகாலப் பிரகடனங்களை 2011-இல் நாடாளுமன்றம் நீக்கியதால் அச்சட்டம் வலுவிழந்தது. 2013-இல் அதே நாடாளுமன்றம் குற்றத்தடுப்புச் சட்டத்தைத் திருத்தி விசாரணையற்ற தடுப்புக்காவலுக்கு மீண்டும் வழி திறந்தது. இரண்டாண்டுகளில் முன்னும் பின்னுமாக நிகழ்ந்த இவற்றுள் எதனை வரலாற்றின் திசை என்பது? இரண்டும் வாக்கெடுப்புகள். இரண்டிலும் கை உயர்த்தியவர்கள் உண்டு.

மற்றொன்று குப்பைக் கிடங்கு. 2017-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் பெனுட் ஆற்றில் அம்மோனியா மிகுந்து, நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பலமுறை மூடப்பட்டன. கிடங்கிலிருந்து வடிந்த கழிவுநீர் காரணமாகச் சுட்டப்பட்டது. பல ஊர்களின் கழிவு ஓரிடத்தில் குவிக்கப்பட்டு, அவ்விடத்து மக்களின் குழாய் வறண்டது.

நாகரிகம் என்னும் அளவுகோல்

வீழ்ச்சியையும் முன்னேற்றத்தையும் எதனால் அளப்பது என்னும் வினாவுக்கு நம் சொல்லே ஒரு விடை தருகிறது. இன்று நாகரிகம் என்றால் நகரும் கருவியும் கட்டடமும் நம் நினைவுக்கு வருகின்றன. திருக்குறளில் அச்சொல் ஆளப்படும் இடம் வேறு. அரசியலின் பகுதியாக அமைந்த 'கண்ணோட்டம்' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலேயே அது வருகிறது. பழகியவர் நஞ்சு கலப்பதைத் தம் கண்ணால் கண்ட பின்னரும் மறுக்காமல் அருந்தத் துணியும் பெருந்தன்மையோடு வள்ளுவர் அதனை இணைக்கிறார். பிறர்மீது ஓடும் கண்ணின் ஈரமே அங்கு நாகரிகம். ஆளுவோருக்கு வேண்டிய பண்பாக அது வைக்கப்பட்டிருப்பதும் கருதத்தக்கது.

இவ்வளவுகோலைக் கொண்டால் தோட்டத்துப் பழங்காலத்தைப் பொற்காலமாகக் காண இயலாது. லயத்து ஒற்றுமையும் திருவிழாவும் கூத்தும் மெய். பெரட்டுக் களத்தில் தண்டலின் வசையும் கள்ளுக்கடைக் கடனும் மெய். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேரியா தோட்ட மக்களைக் கொன்று குவித்தது. அது தானே விலகவில்லை. 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்புகளை வடித்துக் கால்வாய் வெட்டச் செய்தார், நோய் தணிந்தது. அதே கிள்ளானில் 1941-இல் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும், கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும் என்றும் கேட்டனர். படை வரவழைக்கப்பட்டது; உயிர்கள் போயின; தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். இன்று எவரும் எவரைக் கண்டும் மிதிவண்டியிலிருந்து இறங்குவதில்லை. இந்த எளிய உரிமையைக் காலம் கொடுக்கவில்லை. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஒன்றிணைந்ததும், 2013-இல் நடைமுறைக்கு வந்த தேசியக் குறைந்தபட்ச ஊதியம் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கி 2025-இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்ததும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவை.

இலக்கியத்தில் வினைமுதல்

மலேசியத் தமிழ்ப் புனைவின் ஒரு பகுதி, தோட்டத்தை இழந்த சொர்க்கமாகவே வரைகிறது. ஆலமரமும் காளி கோயிலும் விவரிக்கப்படும் அளவுக்கு, அந்நிலத்தின் உடைமையாளர் விவரிக்கப்படுவதில்லை. 'தோட்டம் துண்டாடப்பட்டது', 'மக்கள் வெளியேற்றப்பட்டனர்' என்னும் செயப்பாட்டுவினைகளோடு கதை முடிகிறது. வாசகர் கண்ணீர் விடுகிறார், வினாவொன்றும் எழுப்புவதில்லை.

இதற்கு மாறான முயற்சிகளும் நம்மிடம் உள்ளன. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட நம் தோட்ட மக்களைப் பற்றியது. இரயில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முன்னேற்ற நம்பிக்கையின் சின்னம். அதே இரயிலை அமைக்கத்தான் 1942, 1943-ஆம் ஆண்டுகளில் பல்லாயிரம் தமிழர் மாண்டனர். கருவியின் வளர்ச்சி கண்ணோட்டத்தின் வளர்ச்சியாகாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று நம் வரலாற்றில் இல்லை. கோ. புண்ணியவானின் 'செலாஞ்சார் அம்பாட்', பகாங் மாநிலத்தின் நிலக் குடியேற்றத் திட்டமொன்றில் தமிழ்த் தொழிலாளர் கொத்தடிமைகளாக வைக்கப்பட்டிருந்தது 1983-இல் வெளிப்பட்ட நிகழ்வை எடுத்துக்கொள்கிறது. விடுதலை பெற்ற நாட்டில், அடிமை முறை ஒழிந்ததாக நம்பப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது அது. இத்தகைய நாவல்கள் பழியைக் காலத்தின்மீது போடுவதில்லை. அதுவே அவற்றின் வலிமை.

ஆயினும் ஒரு குறையை நாம் சுட்ட வேண்டியுள்ளது. நாம் விட்டு வந்த தோட்டங்களில் இன்று குலை வெட்டுவோரும் உதிரிப்பழம் பொறுக்குவோரும் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். தரகருக்குக் கடன்பட்டுக் கடல் கடந்தவர்கள் அவர்களுள் பலர். 2020-இல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு நிகழ்வதாகக் கூறி மலேசியாவின் இரு பெரிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெய்க்குத் தடை விதித்தது. கங்காணியின் முன்பணத்தை அறிந்த இலக்கியம், தரகரின் கடனை அறியாதிருக்க நியாயமில்லை. 'நாம் உயர்ந்துவிட்டோம்' என்னும் கதையும் 'நாம் இழந்துவிட்டோம்' என்னும் கதையும் லயத்தை நாம் விட்டு வெளியேறிய நாளோடு நின்றுவிடுகின்றன. லயம் நிற்கவில்லை. அதில் வேறொருவர் குடியிருக்கிறார். அவர்மீது நம் கண் ஓடாதவரை, நம் முன்னேற்றம் இடமாற்றம் மட்டுமே.

முடிவுரை

இவ்வாய்வு வகுப்பறைக்கும் உரியது. 'அன்றும் இன்றும்', 'அறிவியலின் நன்மை தீமைகள்' போன்ற தலைப்புகளில் மாணவர் எழுதும் கட்டுரைகள் காலத்தையே எழுவாயாகக் கொண்டு நடப்பதை ஆசிரியர்கள் அறிவர். அத்தகைய தொடர் ஒவ்வொன்றுக்கும் 'செய்தவர் யார், யாருக்காக, என்ன பயனாக' என்னும் மூன்று வினாக்களை மாணவரைக் கேட்கச் செய்தால், இலக்கணப் பாடமும் வரலாற்றுப் பாடமும் ஒன்றாகும். 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530-ஐ ஒட்டி நிற்கின்றன. இவ்வெண் காலத்தால் குறைந்தது என்று கற்பிக்கும் ஆசிரியர், எஞ்சிய பள்ளிகளும் காலத்தால் குறையும் என்றே கற்பிக்கிறார். தோட்ட மக்கள் சிதறியதும், சிறு பள்ளிகள் இணைக்கப்பட்டதும், பெற்றோர் வேறு பள்ளியைத் தேர்ந்ததும், சில ஊர்களில் பெற்றோர் விடாது முயன்று பள்ளியை நகர்ப்புறத்துக்கு மாற்றிக் காத்ததும் தனித்தனி வினைகள் என்று கற்பிப்பவர், அடுத்து ஆற்ற வேண்டிய வினையையும் கற்பித்தவராகிறார்.

நாகரிகம் வீழ்வது உறுதியன்று, முன்னேற்றமும் உறுதியன்று. சிம்பாங் ரெங்கம் வட்டாரத்தில் நிகழ்ந்த நன்மைக்கும் தீமைக்கும் ஆண்டு உண்டு, இடம் உண்டு, செய்தவர் உண்டு. காலத்தைத் தொல்காப்பியர் வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வினைமுதலின் இடத்தை நிரப்புவது நம் திறனாய்வின் கடமையாகும்.